நம்மைக் கேட்காமல் போட்ட கையெழுத்துகள்!

  

சைக்ஸ்-பிகோ ஒப்பந்தம் எந்த ஆண்டு என்று நம் இளைஞர்களைக் கேட்டுப் பாருங்கள். 1916 என்பார்கள். பால்ஃபர் பிரகடனம்? 1917 நவம்பர் 2. கிலாஃபத் ஒழிக்கப்பட்டது? 1924 மார்ச் 3. பட்டுப் பட்டென்று பதில் வரும். அரபு மண்ணை இரண்டு ஐரோப்பிய அதிகாரிகள் வரைபடத்தில் கோடு போட்டுப் பிரித்த அநியாயத்தை நம் பிள்ளைகள் அறிந்து வைத்திருப்பது பாராட்டுக்குரியது. அல்ஹம்துலில்லாஹ்!

அதே இளைஞர்களிடம் இன்னும் இரண்டு தேதிகளைக் கேளுங்கள். 1964 மே 17 அன்று ரங்கூனில் என்ன நடந்தது? அதே ஆண்டு அக்டோபர் 30 அன்று புதுடெல்லியில் யார் யார் கையெழுத்துப் போட்டார்கள்? பெரும்பாலும் பதில் வராது. ஆனால் அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி, வீரசோழன், அபிராமம், இளையான்குடி வட்டாரத்துக் குடும்பங்கள் பலவற்றின் வாழ்வைப் புரட்டிப் போட்ட தேதிகள் இவைதாம்!

பாலஸ்தீனத்தைப் பேசாதீர்கள் என்று நாம் சொல்லவில்லை. பேசத்தான் வேண்டும். ஆனால் பாலஸ்தீனத்தைத் துண்டாடிய அதே இருபதாம் நூற்றாண்டு, அதே வகை மேஜை, அதே வகைப் பேனா நம் பாட்டன்மாரையும் கணக்கில் எடுத்தது. அதை அறியாத சமுதாயம், நாளை தன் பேரப்பிள்ளைகளுக்கு வரப்போவதையும் அறியாது. இதைச் சிந்திக்கவே இந்தக் கட்டுரை.

கரிசல் காடும் கடல் கடந்த கடையும்

நம் பூமி எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குண்டாற்றில் தண்ணீர் ஓடும் நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கண்மாய் நிறைந்தால் நெல். இல்லையென்றால் சோளம், கம்பு, பருத்தி, மல்லி, மிளகாய். அதுவும் பொய்த்தால் சீமைக் கருவேலை வெட்டிக் கரி மூட்டம் போடுவதுதான் பிழைப்பு. வானம் பார்த்த பூமியில் பிறந்தவன் கடலைப் பார்த்தான். பழைய இராமநாதபுரம் மாவட்டத்து மக்கள் கொழும்பு, ரங்கூன், பினாங்கு என்று போனது இப்படித்தான். உழைப்பாளி தோட்டத்துக்கும் துறைமுகத்துக்கும் போனான். நம்மவர்களில் பலர் துணிக்கடை, மளிகைக் கடை, சாப்பாட்டுக் கடை என்று போட்டார்கள்.

அன்று அது ‘வெளிநாடு’ அல்ல! 1886-இல் பர்மா முழுவதும் பிரிட்டிஷ் இந்தியாவோடு சேர்க்கப்பட்டுவிட்டது. ரங்கூன் போவது வேறொரு மாகாணத்துக்குப் போவது போலத்தான். இலங்கை தனிக் காலனி என்றாலும் ஆண்ட மகுடம் ஒன்றுதான். 1914-இல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் போக்குவரத்து தொடங்கிய பிறகு, மானாமதுரையில் போட்மெயில் ஏறினால் கொழும்பு வரை ஒரே பயணம். சாதாரண மனிதனிடம் பாஸ்போர்ட் கேட்பார் யாரும் இல்லை.

அந்தப் பயணத்தில் நம்மவர்கள் செய்யாமல் விட்டது ஒன்று உண்டு. போன ஊரில் பள்ளிவாசல் கட்டினார்கள், மதரஸா நடத்தினார்கள், ஊருக்குப் பணம் அனுப்பினார்கள். ஆனால் ‘இந்த மண்ணில் எனக்கு என்ன உரிமை? எந்தச் சட்டத்தின் கீழ் நான் இங்கே இருக்கிறேன்?’ என்று கேட்டு எழுத்தில் வாங்கி வைத்தவர்கள் மிகச் சிலரே.

லண்டனில் போட்ட கோடு

1935-இல் லண்டன் பாராளுமன்றம் சட்டம் போட்டது. 1937 ஏப்ரல் 1 முதல் பர்மா தனிக் காலனி! ரங்கூனில் அன்று மக்கள் தொகையில் பாதிக்கு மேல் இந்தியர்கள். படுத்து எழுந்தபோது அவர்கள் ‘அந்நியர்’ ஆகிவிட்டார்கள். 1938-இல் இந்தியர்களுக்கு, குறிப்பாக முஸ்லிம்களுக்கு எதிராகக் கலவரம் வெடித்தது. 1942 மார்ச் 8 அன்று ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்தது. லட்சக்கணக்கானோர் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் காடு மலை கடந்து நடந்தே வந்தார்கள். காலராவிலும் பசியிலும் வழியிலேயே இறந்தவர்கள் ஆயிரமாயிரம்.

போகாதவனும் தப்பவில்லை. சென்னை மாகாணத்தின் அரிசிப் பற்றாக்குறையைத் தீர்த்தது பர்மா அரிசி. ரங்கூன் விழுந்ததும் அந்தக் கப்பல்கள் நின்றன. கண்மாய் வறண்ட ஊரில் உட்கார்ந்திருந்தவனுக்கும் டோக்கியோவும் லண்டனும் போட்ட சண்டை அடுப்பங்கரைக்கே வந்து சேர்ந்தது!

பாண்டுங்கில் கைகுலுக்கல்!

ஏகாதிபத்தியம் போய்விட்டது, இனி ஆசிய சகோதரர்கள் ஒன்றாக இருப்போம் என்று நம்பிய காலம் ஒன்று இருந்தது. 1955 ஏப்ரலில் இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் 29 கூடின. மாநாட்டைக் கூட்டிய ஐந்து நாடுகள் எவை தெரியுமா? இந்தோனேசியா, இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இலங்கை. உலகமே வியந்து பார்த்தது.

ஒன்பதே ஆண்டுகள் கழிந்தன. 1962 மார்ச்சில் ராணுவப் புரட்சி மூலம் பர்மாவைப் பிடித்த ஜெனரல் நே வின், 1964 மார்ச்சில் ரங்கூன் கடைகளை அரசுடைமை ஆக்கினார். நேற்று வரை முதலாளியின் பெயர் இருந்த இடத்தில் ‘மக்கள் கடை’ என்று எண் போட்ட பலகை. அதோடு விடவில்லை. மே 17 அன்று 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு! வங்கியை நம்பாமல் பெட்டியில் பூட்டி வைத்திருந்த வியாபாரியின் சேமிப்பு ஒரே இரவில் வெறும் காகிதம். லட்சத்துக்கும் மேற்பட்டோர் அகதிகளாக இந்தியா திரும்பினார்கள். சென்னைக் கடற்கரையோரம் பர்மா பஜார் என்று ஒரு கடைவீதியே எழுந்ததும், தமிழகத்தின் பல ஊர்களில் பர்மா காலனிகள் இருப்பதும் இதனால்தான். அங்கே பறிபோன கடைக்கும் பணத்துக்கும் ஈடு கேட்க அவர்களுக்கு எந்த நீதிமன்றமும் இருக்கவில்லை.

ஒன்பதே முக்கால் லட்சம் பேரைப் பங்கு வைத்தார்கள்

இலங்கைக் கதை இன்னும் கொடுமையானது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் 7 இடங்களை வென்றது. மறு ஆண்டே, 1948-இன் 18-ஆம் எண் குடியுரிமைச் சட்டம் வந்தது. தகப்பனும் பாட்டனும் இலங்கையில் பிறந்ததற்கு அத்தாட்சி காட்டு என்றார்கள். பிறப்புப் பதிவே இல்லாத காலத்தில் பிறந்தவனுக்கு ஏது அத்தாட்சி? குடியுரிமை போனது, தொடர்ந்து வாக்குரிமையும் போனது. 1949-இல் ‘இந்திய, பாகிஸ்தானிய வசிப்போர்’ சட்டம் என்று ஒன்று போட்டு மனுச் செய்யச் சொன்னார்கள். 8 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக மனுப் போடப்பட்டது. கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்குத்தான். காகிதத்தில் ஒரு தேதி பிசகியதற்கெல்லாம் மனுக்கள் தள்ளப்பட்டன. வியாபாரிகளோ தற்காலிக வசிப்பு அனுமதியை நம்பி நாளை ஓட்ட வேண்டியிருந்தது.

பிறகு வந்தது 1964 அக்டோபர் 30. இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயகாவும் ஒப்பந்தம் செய்தார்கள். நாடற்றவர்கள் 9,75,000 பேர். இவர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வோம் என்றார்கள். 1974-இல் பேசினார்கள், ஆளுக்கு 75,000 என்று பாதியாகப் பிரித்தார்கள். சந்தையில் ஆட்டுக் கிடையைப் பங்கு பிரிப்பது போல மனிதர்களைப் பிரித்தார்கள்! அந்த 9,75,000 பேரில் ஒருவரைக்கூட அழைத்து ‘உனக்கு எங்கே இருக்க விருப்பம்?’ என்று கேட்டுவிட்டுப் போட்ட ஒப்பந்தம் அல்ல அது. மலையகத் தலைவர் தொண்டமான் எதிர்த்தார். கேட்பார் இல்லை.

ஏன் இப்படி? இங்கேதான் உலக அரசியலைப் படிக்க வேண்டியிருக்கிறது. 1962 அக்டோபரில் சீனாவோடு போர். அந்தத் தோல்விக்குப் பிறகு டெல்லிக்கு அண்டை நாடுகளின் நட்பு அவசரமாகத் தேவைப்பட்டது. அந்த டிசம்பரில் சமரச யோசனைக்காக ஆறு நாடுகளைக் கொழும்பில் கூட்டியவர் இதே சிறிமாவோ. பண்டித நேரு உயிரோடு இருந்த வரை, பல தலைமுறையாக இலங்கையில் உழைத்தவர்கள் இலங்கையின் பொறுப்பு என்ற நிலையில் நின்றார். 1964 மே 27-இல் அவர் மறைந்தார். ஐந்து மாதத்தில் நிலை மாறியது. இமயமலைப் பனியில் நடந்த சண்டைக்கான விலையின் ஒரு பகுதியைக் கண்டித் தோட்டத்துத் தொழிலாளியும் கொழும்புக் கடைக்காரனும் கொடுத்தார்கள் என்று நாம் கருதுவதில் தவறென்ன?

அந்த ஆண்டு டிசம்பரில் அடித்த புயல் தனுஷ்கோடியையே அழித்தது. போட்மெயில் போன பாதையும் கடலோடு போனது. ஒரே ஆண்டில் கிழக்கே ஒரு கதவும் தெற்கே ஒரு கதவும் சாத்தப்பட்டன!

குற்றம் ஒரு பக்கம் மட்டுமா?

நடுநிலையோடும் பேசுவோம். பர்மியனின் கோபத்துக்கும் காரணம் இருந்தது. 1930-களின் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தபோது, கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நாலில் ஒரு பங்கு நிலம் இந்திய லேவாதேவிக்காரர்களின் கைக்குப் போய்விட்டது. உழுதவன் நிலமிழந்தான். வட்டிக்கு விட்டவர்கள் சிலர். அடி வாங்கியதோ வட்டியே வாங்காத டீக்கடைக்காரனும் துறைமுகத் தொழிலாளியும் சேர்த்து! வட்டியை ஏன் மார்க்கம் இவ்வளவு கடுமையாகத் தடுத்தது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டுமா? பிழைக்கப் போன ஊரில் அந்த ஊர்க்காரனின் மனதை வெல்லாத வியாபாரம் எத்தனை ஆண்டு நடந்தாலும் அது கடனாகவே நிற்கும். ஒரு நாள் மொத்தமாகக் கேட்பார்கள்.

குவைத் சொன்ன பாடம்

கிழக்கும் தெற்கும் மூடியபின் அல்லாஹ் மேற்கே ஒரு கதவைத் திறந்தான். 1973 அக்டோபரில் அரபு–இஸ்ரேல் போர். அரபு நாடுகள் எண்ணெயை ஆயுதமாக எடுத்தன. 3 டாலர் அளவில் இருந்த பீப்பாய் விலை சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. பாலைவனத்தில் நகரங்கள் முளைத்தன. கட்ட ஆள் வேண்டுமே! நம் பிள்ளைகள் போனார்கள், இன்றும் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஊரில் மாடி வீடு எழும்பியதற்கும் பிள்ளைகள் கல்லூரி போனதற்கும் பின்னால் சூயஸ் கால்வாய்க் கரையில் நடந்த ஒரு போர் இருக்கிறது.

1990 ஆகஸ்ட் 2. சதாம் உசேனின் படை குவைத்தில் நுழைந்தது. மீண்டும் அதே காட்சி. கடை போனது, சம்பளம் போனது, குவைத் தினார் மதிப்பிழந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அம்மான் நகர் வழியாக விமானத்தில் அழைத்து வரப்பட்டார்கள். பர்மா மறுபடியும் நடந்துவிட்டது என்றே பெரியவர்கள் நினைத்தார்கள்.

ஆனால் இந்த முறை ஒரு வித்தியாசம் இருந்தது. 1991-இல் ஐ.நா. பாதுகாப்புச் சபை 687-ஆம் எண் தீர்மானத்தின் கீழ் நஷ்டஈட்டு ஆணையம் ஒன்றை அமைத்தது. ஈராக்கின் எண்ணெய் வருமானத்தில் ஒரு பங்கை எடுத்து, பாதிக்கப்பட்டவர்களுக்குக் கொடுக்க ஏற்பாடு. குவைத்திலிருந்தோ ஈராக்கிலிருந்தோ வெளியேற நேர்ந்தவர் என்று காட்டினால் தனி ஆளுக்கு 2,500 முதல் 4,000 டாலர் வரை. குடும்பத்துக்கு 5,000 முதல் 8,000 டாலர் வரை. அரசாங்கங்களின் மனுக்களுக்கு முன்பாகத் தனி மனிதர்களின் மனுக்களுக்கு முன்னுரிமை! இந்திய அரசு மூலமாகவே மனுப் போட வேண்டும். அந்த ஆணையம் மொத்தம் 5,240 கோடி டாலர் வழங்கி, 2022-இல்தான் கணக்கை முடித்தது.

சகோதரர்களே, இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 1964-இல் ரங்கூனில் இழந்தவன் கையில் கடை ரசீது இருந்தும் பயனில்லை. கேட்க விதி இல்லை. 1990-இல் குவைத்தில் இழந்தவனுக்கு விதி இருந்தது. பாஸ்போர்ட்டில் விழுந்த முத்திரையும் வேலை அனுமதிச் சீட்டும் பணமாக மாறின. காகிதம் கையில் இருந்தவனுக்கு வழி திறந்தது. பணத்தைப் பத்திரப்படுத்தத் தெரிந்த நாம் காகிதத்தைப் பத்திரப்படுத்தக் கற்றோமா?

இன்றைக்கும் கடை வாசலில்

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்காதீர்கள். மளிகைக் கடை நடத்தும் சகோதரரே! உங்கள் கடை உளுந்தில் பெரும்பகுதிக்குப் பர்மாவின் விளைச்சல் காரணமாக இருக்கலாம். 2021-இல் அங்கே ராணுவம் மீண்டும் ஆட்சியைப் பிடித்தது. அதே ஆண்டு ஜூனில் ஆண்டுக்கு 2½ லட்சம் டன் உளுந்தும் 1 லட்சம் டன் துவரையும் இறக்குமதி செய்ய இரு நாட்டுக்கும் உடன்பாடு ஏற்பட்டது. மலேசியப் பிரதமர் மகாதீர் காஷ்மீர் பற்றியும் குடியுரிமைச் சட்டம் பற்றியும் கருத்துச் சொன்னார். 2020 ஜனவரியில் சுத்திகரித்த பாமாயில் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. அரசாணையில் எந்த நாட்டின் பெயரும் இல்லை. ஆனால் அடி யாருக்கு என்பது எண்ணெய் வியாபாரிகளுக்கு விளங்காமல் இல்லை.

குடியுரிமை விஷயமும் அப்படியே. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளின் பெயரைச் சொன்னது. ஆறு சமயங்களின் பெயரைச் சொன்னது. அதில் முஸ்லிம் இல்லை. இலங்கையும் இல்லை, பர்மாவும் இல்லை. நம் தமிழ் மண்ணுக்கு வந்த அகதிகள் எந்தச் சமயத்தவரானாலும் அந்தச் சட்டத்தின் கண்ணில் படவில்லை. பர்மாவிலோ, 1982 குடியுரிமைச் சட்டம் ரோஹிங்யா மக்களை நாடற்றவர்களாக்கியது. 2017-இல் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வங்கதேசத்துக்கு விரட்டப்பட்டார்கள். முதலில் காகிதத்தைப் பறிப்பார்கள், பிறகு மண்ணைப் பறிப்பார்கள். 1948-இல் இலங்கையில் பார்த்த பாடம் மாறவே இல்லை!

வளைகுடாவில் இருக்கும் நம் பிள்ளைகளின் நிலை என்ன? வெளிநாட்டுத் தொழிலாளர்களையும் அவர்கள் குடும்பத்தாரையும் பாதுகாக்க 1990 டிசம்பர் 18 அன்று ஐ.நா. ஓர் உடன்படிக்கையை ஏற்றது. 2003-இல் அது நடைமுறைக்கு வந்தது. இன்று வரை வளைகுடா நாடு ஒன்றுகூட அதை ஏற்கவில்லை. ‘நாங்கள் முஸ்லிம் நாடு’ என்று சொல்லிக்கொள்ளும் ஆட்சியாளர்களிடமும் இதை நாம் கேட்கத்தான் வேண்டும். அனுப்பும் நாடான இந்தியாவும் ஏற்கவில்லை. ஆனால் இலங்கை ஏற்றிருக்கிறது. இதைப் பற்றி நம் மேடைகளில் ஒரு தீர்மானமாவது போட்டிருக்கிறோமா?

என்ன செய்யப் போகிறோம்?

பெருமூச்சு விடுவது தீர்வல்ல. நம் கையில் இருப்பதைச் செய்வோம்.

முதலாவது, ஒவ்வொரு ஜமாஅத்திலும் ஒரு பதிவேடு வேண்டும். யார் எந்த நாட்டில், எந்த வேலையில், எந்த விசாவில் இருக்கிறார் என்று எழுதி வைப்போம். பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் திரும்பிய பெரியவர்களின் அகதி அடையாளச் சீட்டு, குடும்ப அட்டை, பழைய பாஸ்போர்ட் ஆகியவற்றை நகல் எடுத்துப் பாதுகாப்போம். கரையான் தின்னும் முன் இதைச் செய்தாக வேண்டும்.

இரண்டாவது, விசிட் விசாவில் வேலைக்குப் போகும் பழக்கத்தை விடுவோம். 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி உரிமம் பெற்ற ஏஜென்ட்தானா என்று பார்த்தே பணம் கொடுங்கள். வேலை ஒப்பந்தத்தை வாசித்துக் கேட்டுப் புரிந்த பின் கையெழுத்துப் போடுங்கள். ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும். பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீட்டில் சில நூறு ரூபாய்க்கு 10 லட்ச ரூபாய் விபத்துப் பாதுகாப்பு இருக்கிறது. இது எத்தனை தாய்மார்களுக்குத் தெரியும்?

மூன்றாவது, நம் பிள்ளைகளில் சிலராவது சர்வதேசச் சட்டம் படிக்கட்டும். வெளிநாட்டுப் பணித் தேர்வு எழுதட்டும். நம்மைப் பற்றிப் பேசும் மேஜையில் நம்மை அறிந்த ஒருவர் உட்காரட்டும். சின்னஞ்சிறிய நாடு காம்பியா. ஆப்பிரிக்காவின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. 2019 நவம்பரில் ரோஹிங்யா மக்களுக்காகப் பர்மாவை ஹேக் நகர உலக நீதிமன்றத்துக்கு இழுத்தது அந்த நாடுதான். 2020 ஜனவரி 23 அன்று, அம்மக்களைப் பாதுகாக்கும்படி இடைக்கால உத்தரவும் வந்தது. பெரிய ராணுவம் இல்லை, எண்ணெய் இல்லை, செல்வம் இல்லை. சட்டம் தெரிந்தவர்கள் இருந்தார்கள்! எண்ணிக்கையில் சிறியவர்கள் என்று சோர்ந்து போகும் நமக்கு இதில் படிப்பினை இல்லையா?

உடன்படிக்கையும் எழுத்தும் மார்க்கத்துக்கு அந்நியமானவை அல்ல. ஹுதைபியாவில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எதிரியோடு உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகப் பேசி எழுதச் செய்தார்கள். எழுதியதைக் காத்தும் நின்றார்கள். அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது? கொடுக்கல் வாங்கலைச் சாட்சிகளோடு எழுதி வைப்பதைப் பற்றியது (2:282). கடன் கணக்கையே எழுதச் சொன்ன மார்க்கத்தைப் பின்பற்றும் நாம், நம் வாழ்வுரிமைக் கணக்கை வாய்மொழியில் விட்டுவிட்டோம்.

இருபதாம் நூற்றாண்டின் ஒப்பந்தங்களில் நாம் எண்ணிக்கையாக இருந்தோம், கையெழுத்தாக இருக்கவில்லை. இந்த நூற்றாண்டிலும் அப்படியே இருப்பதா, வேண்டாமா என்பதை வாஷிங்டனோ டெல்லியோ முடிவு செய்யப் போவதில்லை. அருப்புக்கோட்டைக் கடைவீதியிலும் திருச்சுழி வட்டாரத்து ஜமாஅத்களிலும் இருக்கும் நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

சிந்திப்போம், செயல்படுவோம். இன்ஷா அல்லாஹ்!